அமெரிக்காவில் வைக்கும் கருவி கடையத்து அம்மாவுக்கும் வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 62 வயது. கடையத்தில் பீடி சுற்றுகிறார். இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது, பக்கவாதம் வரலாம் என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரையை இரண்டு வருடமாகக் கொடுக்கிறார்கள். இப்போது பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வருகிறது. அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனரின் அப்பாவுக்கு இதே நோய்க்கு இதயத்துக்குள் ஒரு கருவி வைத்து, மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். நம் பக்கம் ஏன் யாரும் அதைச் சொல்வதில்லை? கடன் வாங்கியாவது செய்துவிடலாமா?

பதில்: கடனுக்கு அலைவதற்கு முன்னால் அம்மாவின் எக்கோ (இதய ஸ்கேன்) அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அதில் மைட்ரல் ஸ்டெனோசிஸ், அதாவது வால்வு சுருக்கம், மிதமானது அல்லது கடுமையானது என்று எழுதியிருந்தால் அந்தக் கருவி அவருக்குப் பொருந்தாது.

காரணம் இதுதான். துடிப்பு சீர்கெட்டால் இதயத்தின் மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கும். ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். வால்வு நன்றாக இருப்பவர்களுக்கு, இடது மேலறையில் உருவாகும் கட்டிகளில் சுமார் 90 சதவீதம் அதன் ஓரத்தில் காது மடல் போல ஒட்டியிருக்கும் ஒரு சிறு பைக்குள்தான் உருவாகிறது. கருவி அந்தப் பையின் வாயை அடைக்கிறது, அவ்வளவுதான். வால்வு சுருங்கியவர்களுக்கோ கட்டிகளில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் பைக்குள் இருக்கும். மீதி மேலறையின் மற்ற இடங்களில். பையை அடைத்தாலும் ஆபத்து அப்படியே நிற்கும்.

சிறு வயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல்தான் இந்த வால்வு சுருக்கத்துக்கு முக்கியக் காரணம். அமெரிக்காவில் அது அரிதாகிவிட்டது; நம்மிடம் இன்னும் இருக்கிறது. ஊருக்கு ஊர் சிகிச்சை மாறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். அடுத்தது பணம். வாட்ச்மேன் என்ற கருவிக்கு அங்கே 2015 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. மறு வருடமே முதியோருக்கான அரசுக் காப்பீடு நிபந்தனைகளோடு செலவை ஏற்றது. இங்கே பல லட்சம் ரூபாய், பெரும்பாலும் கைக்காசு. கைத்திறனை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். இதயத்தின் நடுச்சுவரைத் துளைத்துக் கருவியைக் கொண்டுபோகும் அதே வழியில்தான் சுருங்கிய வால்வைப் பலூனால் விரிக்கிறார்கள். அதில் நம் மருத்துவர்களுக்கு நீண்ட பழக்கம் உண்டு. அம்மாவின் வால்வு சுருங்கியிருந்தால் நீங்கள் கேட்க வேண்டியது அந்தப் பலூன் சிகிச்சை தேவையா என்பதைத்தான். திருநெல்வேலி ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியின் இதயப் பிரிவில் எக்கோவைக் காட்டிக் கேளுங்கள். பலூன் சிகிச்சைக்குப் பிறகும் அசிட்ரோம் தொடரும்.

வால்வு நன்றாக இருந்தால்? அப்போதும் முதல் மாற்று கருவி அல்ல, அசிட்ரோம் செய்யும் அதே வேலையைச் செய்யும் அபிக்சபான் போன்ற மாத்திரைதான். வழக்கமான அளவு 5 மி.கி., நாளைக்கு இரண்டு வேளை. அடிக்கடி ரத்தப் பரிசோதனை வேண்டாம். மருத்துவரிடம் கேட்காமல் நீங்களாக மாற்றிவிடக் கூடாது. மூளையிலோ குடலிலோ பெரிய ரத்தக்கசிவு வந்து, எந்த மாத்திரையையும் காலம் முழுக்கத் தர முடியாது என்ற நிலையில் இருப்பவர்களுக்கே கருவி உண்மையில் கைகொடுக்கும். வைத்த அன்றே மாத்திரை நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். 45 நாளாவது ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டும், அல்லது சில மாதங்களுக்கு ஆஸ்பிரினோடு அதே வகையில் இன்னொரு மாத்திரை. பிறகும் பெரும்பாலும் ஆஸ்பிரின் தொடரும். இதயத்தைச் சுற்றி ரத்தம் சேர்வது, கருவி நழுவுவது, கருவியின் மேலேயே கட்டி உருவாவது எல்லாம் நடக்கக் கூடியவை.

இப்போது ஈறு ரத்தம். எனக்குக் கவலை அதில்தான். இந்த வாரமே ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண், பாருங்கள். 2 முதல் 3 வரை இருக்க வேண்டும். பரிசோதனைக்கு எடுக்கும் நீல மூடிக் குழாயில் ரத்தம் குறிவரை நிறைய வேண்டும். குறைந்தால் அளவு பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். கூடவே நின்று பாருங்கள். மாத்திரை அளவை மாற்றினால் ஒரு வாரத்தில் மறுபடி. சீராக இருந்தால் மாதம் ஒரு முறை.

நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்துக் குனிந்து பீடி சுற்றுபவருக்கு இடுப்பும் கழுத்தும் வலிக்காமல் இராது. அந்த வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறாரா என்று கேளுங்கள். அசிட்ரோமோடு அது சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். இடுப்பில் ஊசியும் வேண்டாம். மெட்ரோனிடசோல் போன்ற கிருமிக்கொல்லி ஐஎன்ஆரை ஏற்றிவிடும். கீரையை விட வேண்டியதில்லை. ஒரு வாரம் கூட்டாஞ்சோறும் முருங்கைக்கீரைப் பொரியலுமாகச் சாப்பிட்டு, மறு வாரம் கீரையைத் தொடாமல் இருப்பதுதான் அளவைக் கெடுக்கிறது. வாரா வாரம் ஏறக்குறைய ஒரே அளவு போதும். மாத்திரை தினமும் சாயங்காலம் ஒரே நேரத்தில். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. மலம் கறுப்பாகப் போனாலோ, தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

ஒரு நோட்டில் தேதி, ஐஎன்ஆர், மாத்திரை அளவு மூன்றையும் எழுதி அம்மாவின் பையிலேயே வையுங்கள். வாய் கோணினாலோ, கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழைத்து அந்த நோட்டோடு கிளம்புங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், ஐஎன்ஆர் 1.7-க்கு மேல் இருந்தால் அதைப் போட முடியாது. அங்கே இருக்கும் மருத்துவர் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.