ஈஆர்பி போட்டாச்சு, ஓட்டுவது யார்?

கோவைப் பக்கச் சிறு தொழிற்சாலைகளில் ஈஆர்பி (கொள்முதல், ஸ்டாக், உற்பத்தி, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பதியும்) மென்பொருள் நிறுவிக் கொடுப்பது என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

பம்ப் உதிரிபாகம் செய்கிறோம், 35 பேர். கம்ப்யூட்டர் படித்த பையன் ஒருவனிடம் பொறுப்பைக் கொடுத்தேன். ஆறு மாதமாகியும் ஓடவில்லை அண்ணா.

பையனைத் திட்டாதீர்கள். உங்கள் ஸ்டோர்ஸ்காரர் அப்பா காலத்து ஆளாக இருப்பார். நேற்று வந்த பையன் "ஏன் என்ட்ரி போடலை" என்று கேட்டால் மதிப்பாரா? அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. பேரிங் எத்தனை இருக்கிறது என்று அவருக்குப் போன் போட்டுத்தானே கேட்கிறீர்கள்? அப்படிக் கேட்கும்வரை அவர் நோட்டை மூட மாட்டார். நீங்களே திரையைத் திறந்து பாருங்கள். தப்பாக இருந்தால் அப்போது கூப்பிடுங்கள். கணினியில் ஏறாத கொள்முதல் எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள். முதல் வாரம் சத்தமாகத்தான் இருக்கும், உங்களுக்கே கை அரிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டாக் ஒருநாளும் ஒத்துப்போவதில்லை. வார்ப்பைக் கடைசலுக்கு வெளியே அனுப்புகிறோம்.

கோளாறு பெரும்பாலும் அந்த வாசலில்தான். ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளிப் பட்டறையில் வேலை செய்து வாங்கப் போகும் சரக்குக்கு டெலிவரி சலான் (சரக்கோடு போகும் சீட்டு) கட்டாயம். ஜிஎஸ்டி சட்டம் 143ஆம் பிரிவுப்படி மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்பி வரவேண்டும், அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போகவேண்டும். சலான் இல்லாமல் சரக்கை வெளியே விடுவது யார் என்று ஒரு தொழிற்சாலையில் தேடிப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மச்சான் பட்டறைக்கு 50 வார்ப்பைக் காரில் போட்டுக்கொண்டு போனவர் முதலாளியேதான்!

அப்புறம், தொடக்க இருப்பை உத்தேசமாகப் போட்டிருந்தால் எந்த மென்பொருளும் சரியாகக் காட்டாது. மெஷினை இரண்டு நாள் நிறுத்தி, ரிஜெக்ஷன் ஆன பொருள் உட்பட எண்ணிப் போடுங்கள். நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களைத் தவிர அங்கே யாருக்கும் கிடையாது.

டாலி கணக்கு மென்பொருளே போதாதா?

ஒன்றிரண்டு பொருள், பத்துப் பதினைந்து பேர் என்றால் போதும். உற்பத்திப் பதிவும் பொருள் பட்டியலும் அதிலேயே உண்டு.

ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற ஈஆர்பி மென்பொருள் இலவசமாமே?

உரிமக் கட்டணம் இல்லை. சர்வர், மாற்றியமைப்பு, பயிற்சி எல்லாம் காசுதான்.

ஈஆர்பி போட்டே ஆகவேண்டும் என்று மகன் பிடிவாதம் பிடிக்கிறான். விலை, லாபமெல்லாம் எல்லாருக்கும் தெரிந்துவிடுமோ என்று பயம். பழைய பில்லையும் திருத்த முடியாதாமே?

யாருக்கு எது தெரியவேண்டும் என்று நீங்களே வரையறுக்கலாம். ஸ்டோர்ஸ்காரருக்கு எண்ணிக்கை தெரிந்தால் போதும், விலையை மறைத்துவிடலாம். இதை மட்டும் மென்பொருள் விற்க வந்த ஆளிடம் விட்டுவிடாதீர்கள்.

பழைய பில்லைத் திருத்தலாம், ஆனால் தடம் இருக்கும். பிரைவேட் லிமிடெட் என்றால் 2023 ஏப்ரல் 1 முதல், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவை அணைக்க முடியாத கணக்கு மென்பொருள்தான் வைத்திருக்க வேண்டும். ஒரே ஆள் உரிமையாளராக நடத்தும் தொழிலுக்கு (புரொப்ரைட்டர்ஷிப்) அந்த விதி இல்லை.

சார், நான் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறவன். நோட்டிலும் எழுதி, கணினியிலும் ஏற்றி, வீட்டுக்குக் கிளம்ப தினம் ராத்திரி ஏழரை மணி ஆகிறது.

இரண்டையும் சேர்த்து ஓட்டுவது ஒரு மாதம், மிஞ்சினால் இரண்டு மாதம். நோட்டை என்றைக்கு மூடலாம் என்று முதலாளியிடம் தேதி கேளுங்கள். அவர் சொல்லவில்லை என்றால் நோட்டை விட்டுவிடாதீர்கள். சரக்கு குறைந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.