வாசகர் கேள்விகள்: மருந்தாகக் கஞ்சா கேட்பது எப்படி?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. லெனாக்ஸ்-காஸ்டோ வகை வலிப்பு. மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்தும் நிற்கவில்லை. சிபிடி எண்ணெய் உதவும் என்று படித்தேன், ஆனால் நாங்கள் இருக்கும் நாட்டில் சட்டம் இடம் தரவில்லை. இதற்காகக் குரல் கொடுக்க நினைத்தால், 'கஞ்சாவுக்குக் கொடி பிடிக்கிறாள்' என்று சொந்தக்காரர்களே பேசுகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (ஒரு தாய்)

பதில்: பேசுகிறவர்கள் பேசிவிட்டுப் போகட்டும், சகோதரி. நடுராத்திரியில் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் வழிவதைத் துடைத்துக்கொண்டே எத்தனை நிமிடம் ஆயிற்று என்று கடிகாரத்தைப் பார்ப்பது நீங்கள்தான்.

உங்கள் கையில் பலமான ஆதாரம் இருக்கிறது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்துச் சுத்திகரித்த சிபிடி, போதை தராத பொருள். எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அதை மருந்தாக விற்க அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018 ஜூனில் அனுமதித்தது. எந்த நோய்க்கு? உங்கள் மகளுக்கு இருக்கும் இதே வகை வலிப்புக்கும், டிராவே என்ற இன்னொரு கடுமையான வலிப்புக்கும். அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் அனுமதி வந்தது. 225 பேரை வைத்து நடந்த ஒரு பரிசோதனையில், ஆளைத் தடாலென்று கீழே தள்ளும் வலிப்புகள் அதிக அளவு மருந்து எடுத்தவர்களுக்குச் சுமார் 42 சதவீதம் குறைந்தன. மருந்தே இல்லாத போலி மருந்து எடுத்தவர்களுக்கு 17 சதவீதம். முழுசாக நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் ஒரு வாரத்தில் பத்து முறை விழும் குழந்தை ஆறு முறை விழுந்தால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே மனுவில் 'கஞ்சாவை அனுமதியுங்கள்' என்று எழுதாமல், இந்த மருந்து, இந்த நோய்க்கு, இந்த நிபுணரின் மருந்துச் சீட்டில் வேண்டும் என்று எழுதுங்கள். தங்கள் நாட்டில் பதிவாகாத மருந்தை ஒரு குறிப்பிட்ட நோயாளிக்காக மட்டும் வரவழைக்கப் பல நாடுகளில் தனி வழி இருக்கிறது. உங்கள் நாட்டில் உண்டா என்று மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். மறுப்பு வந்தாலும் கிழித்துப் போடாதீர்கள், நாளைக்கு வழக்கு என்று போனால் முதலில் கேட்கப்போவது அந்தக் காகிதத்தைத்தான்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். தேதி, நேரம், எத்தனை நிமிடம், உடல் எந்தப் பக்கம் இழுத்தது, அன்று என்ன மருந்து எத்தனை மில்லி, பள்ளிக்குப் போனாளா இல்லையா. முடிந்தால் கைப்பேசியில் வீடியோவும் எடுத்து வையுங்கள். எந்தெந்த மருந்து, என்ன அளவில், ஏன் நிறுத்தினோம் என்று நரம்பியல் மருத்துவரிடம் ஒரே பக்கத்தில் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணீரோடு பேசுவதை அதிகாரிகள் கேட்டுவிட்டு அனுப்பிவிடலாம். ஆறு மாத நோட்டையும் மருத்துவர் கடிதத்தையும் மேசைமேல் வைத்தால் ஏதாவது பதில் எழுதித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: 'சர்வதேச ஒப்பந்தம் இருக்கிறது, நாங்கள் எதுவும் செய்ய முடியாது' என்று ஓர் அதிகாரி சொன்னார். சரிதானா?

பதில்: சரியில்லை. அவர் சொல்வது 1961ஆம் ஆண்டு ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தமாக இருக்கும். வலியைத் தணிக்க இத்தகைய மருந்துகள் இன்றியமையாதவை, அவை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று அதன் முகவுரையே சொல்கிறது. மருத்துவ, ஆராய்ச்சித் தேவைகளுக்கு அது எங்கேயும் குறுக்கே நிற்கவில்லை. மிகக் கடுமையான நான்காம் பட்டியலில் இருந்த கஞ்சாவை உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைப்படி 2020 டிசம்பர் 2 அன்று நீக்கினார்கள், 27க்கு 25 என்ற வாக்கில், மயிரிழையில். முதல் பட்டியலில் இன்னும் இருக்கிறது. ஆனால் மார்ஃபினும் அதே முதல் பட்டியலில்தான் இருக்கிறது, அதை ஆஸ்பத்திரிகளில் தினமும் கொடுக்கிறார்கள். அடுத்த முறை போகும்போது இதை அவரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் புற்றுநோய். கஞ்சா எண்ணெய் புற்றையே கரைத்துவிடும் என்கிறார்களே?

பதில்: மனிதர்களிடம் அப்படி நிரூபணமாகவில்லை. தயவுசெய்து சிகிச்சையை நிறுத்திவிடாதீர்கள். கீமோவால் வரும் குமட்டல், வாந்திக்கு உதவும் என்பது வேறு விஷயம், அது உண்மை: கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியைச் செயற்கையாகத் தயாரித்த டிரோனபினால் மருந்தை எஃப்டிஏ 1985லேயே அனுமதித்துவிட்டது. எம்.எஸ். என்ற நரம்பு நோயில் வரும் தசை இறுக்கத்துக்கும் வாயில் தெளிக்கும் மருந்து உண்டு. நாள்பட்ட வலியில் சிலருக்குக் கொஞ்சம் பலன். இதற்கு மேல் அளந்துவிடுகிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஏனென்றால் சட்டத்தை எதிர்ப்பவர்களுக்கு இவர்களே ஆயுதம் எடுத்துக் கொடுக்கிறார்கள். மனச்சிதைவு நோய் உள்ள குடும்பத்தினர், வளரிளம் பருவத்தினர், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு டிஎச்சி ஆபத்து என்பதையும் நாமே முதலில் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: சட்டம் மாறும்வரை பிள்ளை தாங்குமா? தெரிந்தவர் மூலம் ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன். இன்னும் கொடுக்கவில்லை.

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் கொடுங்கள் என்று சொல்ல மாட்டேன். அந்த பாட்டிலில் எவ்வளவு சிபிடி, எவ்வளவு டிஎச்சி, வேறென்ன கலந்திருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. சிபிடி குளோபஜாமோடு சேர்ந்தால் தூக்கக்கலக்கம் அதிகமாகும், வால்ப்ரோயேட்டோடு சேர்ந்தால் கல்லீரல் கெடலாம். இரண்டுமே வலிப்புக் குழந்தைகளுக்கு அடிக்கடி கொடுக்கும் மருந்துகள். வழக்கமான மருந்தைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. ஏற்கெனவே கொடுத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இன்னொன்று, சில நாடுகளில் இதை வைத்திருந்தாலே சிறை. நீங்கள் உள்ளே போனால் பிள்ளையை யார் பார்ப்பது? நாளைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: நம்மைப் போன்ற சாதாரணக் குடும்பங்கள் சொல்லி எங்கேயாவது சட்டம் மாறியிருக்கிறதா?

பதில்: மாறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் லூசி ஹாஸ்லம் என்ற முன்னாள் செவிலியர், கீமோவில் தவித்த தன் மகன் டானுக்காகப் பேசத் தொடங்கினார். கணவர் போதைப்பொருள் தடுப்புப் பிரிவில் இருந்த முன்னாள் போலீஸ்காரர். டான் 2015 பிப்ரவரியில் இறந்தார், 2016 பிப்ரவரியில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. கனடாவில் வலிப்பு நோயாளியான டெரன்ஸ் பார்க்கரின் வழக்கில் 2000இல் வந்த தீர்ப்புதான் அடுத்த ஆண்டே மருத்துவக் கஞ்சாத் திட்டத்தைக் கொண்டுவந்தது.

பிரிட்டனைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். 2018 ஜூனில் வலிப்பு நோயுள்ள பில்லி கால்டுவெல் என்ற சிறுவனின் கஞ்சா எண்ணெயை ஹீத்ரோ விமான நிலையத்தில் பறிமுதல் செய்தார்கள், அவன் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டான், நாடே கொதித்தது, நவம்பர் 1 அன்று விதி மாறியது. கொண்டாடினார்கள். ஆனால் நிபுணர்கள் எழுதித் தரத் தயங்கினார்கள், அரசு மருத்துவச் சேவையில் செடியின் முழுச் சாற்றில் எடுக்கும் அத்தகைய எண்ணெய் வகைகள் விரல்விட்டு எண்ணக்கூடிய பேருக்குத்தான் கிடைத்தன, மற்ற குடும்பங்கள் தனியார் மருத்துவரிடம் போய்க் கைக்காசைக் கொட்டின. அதனால் மனு எழுதும்போதே மூன்று வரி சேர்த்துவிடுங்கள்: எந்த மருத்துவர் எழுதலாம், அவருக்கு யார் பயிற்சி தருவது, செலவை யார் ஏற்பது.