போல்ட் தலை மழுங்கும் முன் கையில் இருக்க வேண்டிய கருவிகள்

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் மாற்றும் வேலைகளை வீட்டிலேயே செய்ய நினைக்கிறேன். நூற்றுச்சொச்சம் உருப்படிகள் கொண்ட சாக்கெட் பெட்டி இருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு வேலையிலும் எங்காவது மாட்டிக்கொள்கிறேன். இணையத்தில் விதவிதமான கருவிகளைக் காட்டுகிறார்கள். எவை உண்மையிலேயே பயன்படும்?

பதில்: வீட்டில் வேலை பார்ப்பவரைப் பாதியில் உட்கார வைப்பது பெரும்பாலும் கழற்ற வராத ஒரே ஒரு போல்ட்தான். பணத்தை முதலில் அதற்குத்தான் ஒதுக்குவேன்.

இருக்கிற சாக்கெட்டுகளின் வாய்க்குள் பாருங்கள். பன்னிரண்டு மூலைகள் இருந்தால், இடுக்கான இடத்தில் சட்டென்று மாட்ட வசதி. ஆனால் துருப்பிடித்த போல்டில் அது வழுக்கித் தலையை மழுக்கிவிடும். அடிக்கடி கைக்கு வரும் 10, 12, 13, 14, 17, 19 மி.மீ. அளவுகளில் மட்டும் ஆறு மூலை சாக்கெட்டுகளை நல்ல தரத்தில் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஃப்ளேர் நட் ஸ்பேனர். ரிங் ஸ்பேனரின் வாயில் ஒரு வெட்டு விட்டதுபோல் இருக்கும். பிரேக் பைப்பை அந்த வெட்டு வழியாக நுழைத்து, கீழே இறக்கி நட்டின் மேல் உட்கார வைக்க வேண்டும். சாதாரண ஓபன் ஸ்பேனர் நட்டின் இரண்டு முகங்களைத்தான் பிடிக்கும். இது ஐந்து முகங்களைப் பிடிக்கும். பிரேக் பைப் நட்டுகள் சிறியவை, துளையிட்டதால் சுவரும் மெல்லியது. ஓபன் ஸ்பேனரை வைத்து ஒருமுறை வழுக்கவிட்டால் மூலைகள் போய்விடும். பிறகு பைப்பையே வெட்டி மாற்ற நேரும். பெரும்பாலும் 10 அல்லது 11 மி.மீ. அளவுதான் தேவைப்படும், முழு செட் வேண்டாம். பைப்பைக் கழற்றினால், மாட்டியபின் பிரேக் பைப்புக்குள் புகுந்த காற்றை வெளியேற்றாமல் வண்டியை எடுக்கக் கூடாது.

பிரேக் டிஸ்க்கை ஹப்போடு (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ சில கார்களில் இறுகிக் கிடக்கும். ஸ்க்ரூ டிரைவரை எவ்வளவு அழுத்தினாலும் முனை மேலே ஏறி நழுவும். அதற்கு இம்பாக்ட் டிரைவர். பேட்டரியில் ஓடுவதைச் சொல்லவில்லை. பின்புறம் சுத்தியலால் அடிக்கும் கனமான இரும்புக் கைப்பிடி. ஒவ்வொரு அடியும் முனையை ஸ்க்ரூவின் தலைக்குள் இறக்கும், அதே கணத்தில் கொஞ்சம் திருப்பவும் செய்யும். அடிக்கும் முன் இடப்பக்கம் திரும்பும்படி அமைத்திருக்கிறீர்களா என்று பார்த்துவிடுங்கள். வலப்பக்கம் இருந்தால் ஸ்க்ரூ இன்னும் இறுகிவிடும்.

நட்சத்திரம் போன்ற குழி உள்ள போல்ட் எல்லாம் டார்க்ஸ் அல்ல. முனைகளை எண்ணுங்கள். ஆறு என்றால் டார்க்ஸ். பன்னிரண்டு என்றால் டிரிபிள் ஸ்கொயர். ஜெர்மன் கார்களில் அதிகம் பார்க்கலாம். அதில் டார்க்ஸ் பிட்டைத் திணித்தால் குழி சிதைந்துபோகும்.

இனி பிரேக் பேட். முன்சக்கரத்தில் காலிப்பர் (பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) பிஸ்டனை ஒரு ஜி கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ளிவிடலாம். ஹேண்ட் பிரேக் கேபிள் காலிப்பரோடு இணைந்த பின்சக்கரத்தில் அப்படிச் செய்யாதீர்கள். அங்கே பிஸ்டனுக்குள் திருகு அமைப்பு இருப்பதால் பலங்கொண்டு அழுத்தினால் உள்பாகம் கெடும். அழுத்திக்கொண்டே திருப்ப வேண்டும். பெரும்பாலும் வலஞ்சுழி, சில வண்டிகளில் ஒரு பக்கம் மட்டும் மாறும். இதற்கென உள்ள பிஸ்டன் வைண்ட்பேக் கிட்டில் விதவிதமான தகடுகள் வரும்; பிஸ்டன் முகத்தின் பள்ளங்களில் பொருந்துவதை எடுத்து மாட்டுங்கள். பேடின் முதுகில் சின்ன முளை இருந்தால், வேலை முடியும்போது பள்ளம் அதற்கு நேராக நிற்க வேண்டும். பிரேக் ஆயில் தொட்டி நிரம்பி வழிகிறதா என்றும் ஒரு கண் வைத்திருங்கள், அது பெயிண்ட்டை அரிக்கும். பட்டன் அழுத்திப் போடும் மின் ஹேண்ட் பிரேக் என்றால், ஸ்கேனர் அல்லது காரின் சர்வீஸ் முறை வழியாக மோட்டாரைப் பின்வாங்க வைத்த பிறகே பிஸ்டனில் கை வைக்கலாம். வண்டி ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது எந்த வேலையும் வேண்டாம். தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்ட் இல்லையென்றால் மேலே சொன்ன எதையும் வாங்கும் முன் அதை வாங்குங்கள்.

மல்டிமீட்டர் எல்லாரிடமும் இருக்கிறது. டெஸ்ட் லேம்ப் வைத்திருப்பவர்கள் குறைவு. வயரின் இழைகளில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் அது கிட்டத்தட்ட கரண்டே இழுப்பதில்லை. டெஸ்ட் லேம்ப் பல்பை எரிய வைத்தாக வேண்டும். இணைப்பு அரித்துப்போயிருந்தால் மங்கலாகத்தான் எரியும். ஹெட்லைட், ஹாரன், ஃபியூஸ் கோளாறுகளுக்கு நான் முதலில் எடுப்பது இதைத்தான். ஏர்பேக் வயரிலும் கம்ப்யூட்டருக்குப் போகும் சிக்னல் வயரிலும் மட்டும் இதை வைக்கவே கூடாது.

நீட்டி மடக்கும் காந்தக் குச்சி, கைப்பிடி வைத்த சின்னக் கண்ணாடி, டோர் பேட் கிளிப்களை நெம்ப பிளாஸ்டிக் கத்திகள் எல்லாம் மலிவானவை, யோசிக்காமல் வாங்கலாம். ரேடியேட்டர் ஹோஸின் ஸ்ப்ரிங் கிளிப்பைக் கழற்ற, கேபிள் முனையில் வாய் உள்ள பிளையர் இருக்கிறது. கை எட்டாத கிளிப் இருக்கும் வண்டிக்கு மட்டும் அது தேவை.

சாக்கெட்டைச் சுழற்றும் கைப்பிடியான ராட்செட்டை மாற்றுவதாக இருந்தால் பற்களின் எண்ணிக்கையைக் கேளுங்கள். 36 பல் என்றால் ஒவ்வொரு சொடுக்குக்கும் கைப்பிடி 10 பாகை நகர இடம் வேண்டும். 72 பல்லுக்கு 5 பாகை போதும். என்ஜின் இடுக்கில் அந்த வித்தியாசம் பெரிது. குறித்த அளவுக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் இறுக்குவதற்கு மட்டுமே, கழற்ற அதைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் கீழ்க்கோட்டுக்கு இறக்கி வையுங்கள்.

வாங்க வேண்டாதது: எல்லா நட்டுக்கும் பொருந்தும் என்று விற்கும், உள்ளே ஊசிகள் நிறைந்த சாக்கெட். வீட்டுக் கொக்கிகளுக்குச் சரி, காரின் இறுகிய போல்டுக்கு அல்ல.

மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தாலும், எந்த பேரிங் முனகுகிறது என்று கண்டுபிடிக்க நன்றாக உதவும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியைக் காதோடு வைத்தும் அதைக் கேட்கலாம். எப்படிக் கேட்டாலும் பெல்ட்டும் ஃபேனும் சுற்றும் பக்கம் சட்டைக் கையும் தலைமுடியும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.