அப்பா இறந்தபின் அம்மா மன அழுத்தத்தில் இருக்கிறார். சபையில் சொன்னால் உதவி கிடைக்குமா, இல்லை ஊர்ப் பேச்சாகிவிடுமா?

இரண்டும் நடக்கும். எங்கள் வீட்டில் இரண்டும் நடந்தது. யாரிடம் சொல்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் எது கூடும், எது குறையும் என்பது இருக்கிறது. நான் பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையைச் சேர்ந்தவள். கத்தோலிக்க, பெந்தெகொஸ்தே சபைகளில் வழக்கம் கொஞ்சம் மாறும். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

சாவு வீட்டை எப்படிக் கவனிப்பது என்று எங்கள் சபைக்கு நன்றாகத் தெரியும். அப்பா இறந்த அன்று கோயில் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் பந்தல் போட ஆள் வந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட யார் போவது, பெட்டிக்கு யார் சொல்வது, வெளியூர்க்காரர்களுக்கு எந்த வீட்டில் காப்பி என்று எதையும் நாங்கள் யோசிக்கவே இல்லை. பாடகர் குழு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடியது. அப்புறம் சில நாள் எங்கள் அடுப்பு எரியவில்லை, தூக்குச்சட்டிகள் வந்துகொண்டே இருந்தன. மூன்றாம் நாள் ஜெபம், முப்பதாம் நாள் ஜெபம் என்று எல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பழகிய வேலை. யாரும் கூட்டம் போட்டுத் திட்டமிடுவதில்லை.

முப்பதாம் நாளோடு பந்தி முடிந்தது, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். அம்மாவுக்கு அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவாள், திரும்பத் தூக்கம் வராது. சோறு இறங்கவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் காணிக்கைக் கணக்கை வருடக்கணக்காக எழுதியவள், தலை வாரக்கூட எழுந்திருக்கவில்லை. பிறகு கோயிலுக்கு வருவதையும் நிறுத்தினாள்.

கோயிலுக்கு வராததுதான் சபையின் கண்ணில் பட்டது. தூக்கம் போனதும் எடை குறைந்ததும் படவில்லை. “விசுவாசத்துல தளர்ந்துட்டாங்க” என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: வாயால் சொன்னால் புறணி, அதையே ஜெபக் குறிப்பு என்று சொன்னால் ஊழியம். அம்மாவின் பெயர் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக் குறிப்பாக வந்தது. “மனக்குழப்பத்தில் இருக்கும் நம் சகோதரிக்காக” என்று எழுதியிருந்தார்கள். அம்மாவே அந்தக் குழுவில் இருந்தாள். எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அதைப் பார்த்த நாளிலிருந்து வாசல் கதவையும் சாத்திவிட்டாள்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு நாங்கள் நட்சத்திரம் கட்டவில்லை. துக்க வீடு என்று கேரல் பவனி எங்கள் வாசலில் நிற்காமல் போனது. தொந்தரவு செய்யக் கூடாது என்ற மரியாதைதான். உள்ளே படுத்திருப்பவளுக்கோ டிரம் சத்தம் தெருமுனையில் நின்று, பிறகு அடுத்த தெருவில் கேட்டது மட்டும்தான் தெரிந்தது.

உதவி வந்தது சபையின் நிர்வாகத்திலிருந்து இல்லை, ஒரு ஓய்வு பெற்ற நர்ஸிடமிருந்து. ஐக்கிய சங்கத்தில் அம்மாவுக்கு மூத்தவர், எங்களுக்குப் பெரியம்மா முறை. சாயங்காலம் தோசை மாவோடு வருவார். அடுப்பைப் பற்றவைத்து அவரே சுடுவார். “ஏளா, ரெண்டு தோசை தின்னு. ஜெபம் பொறவு பண்ணிக்கிடலாம்” என்பார். சில நாள் ஜெபமே இருக்காது. அம்மா பேசினால் கேட்பார், பேசாவிட்டால் டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். அப்படியே பழகி, ஒரு நாள், “இது துக்கம் மட்டும் இல்லளா, வா டாக்டரப் பாப்போம்” என்று தாலுகா மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். மாவட்ட மனநலத் திட்டத்தில் மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாளில் அங்கே வருவார் என்பது எங்களுக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்திருந்தது. மாத்திரை தொடங்கிய முதல் வாரத்தில் அம்மா, “ஒண்ணும் கேக்கல, நிறுத்திருதேன்” என்றாள். இந்த மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், திடீரென்று நிறுத்தவும் கூடாது. இதைப் பெரியம்மா சொன்னபோதுதான் அம்மா கேட்டாள். நான் போனில் கத்தியதெல்லாம் வீண்.

பெரியம்மா செய்தது வேதத்தில் இல்லாத புதுமை ஒன்றும் இல்லை. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்டபோது, தூதன் முதலில் அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்க விடுகிறான். எழுப்பித் திரும்பவும் சாப்பிடச் சொல்கிறான். அறிவுரை எதுவும் அந்த இடத்தில் கிடையாது. பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு வாயைத் திறந்து, நீ பாவம் செய்திருப்பாய் என்று ஆரம்பித்த பின்தான் அவர்கள் பெயர் கெட்டது. எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு இந்தப் பகுதிகளை எடுக்காத வருடம் இல்லை.

லண்டனில் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குரு 1953இல் தன் கோயிலில் ஒரு தொலைபேசியை வைத்து, தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் கூப்பிடலாம் என்று அறிவித்தார். அவரைப் பார்க்க நேரில் வந்து காத்திருந்தவர்களுக்குத் தன்னார்வலர்கள் டீ கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். பேசிவிட்டு, குருவைப் பார்க்காமலே பலர் நிம்மதியாகத் திரும்பிப் போனார்கள். அதைக் கவனித்த அவர் கேட்கும் வேலையை அந்தத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் பேசக் காது கொடுக்கும் சமாரிட்டன்ஸ் அமைப்பு அப்படி வளர்ந்ததுதான். எங்கள் ஐயருக்கு, அதாவது சபைப் போதகருக்கு, ஒரே சேகரத்தில் (அவர் பொறுப்பில் உள்ள வட்டாரத்தில்) பல ஊர்ச் சபைகள், சில வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார். எல்லாவற்றையும் அவர் தலையில் வைப்பதில் நியாயமில்லை. ஊரிலேயே இருப்பது பெரியம்மா போன்றவர்கள்தான்.

ஆனால் ஐயர் மட்டுமே செய்யக்கூடியது ஒன்று உண்டு: பீடத்தில் நின்று வாய்திறந்து சொல்வது. 2019இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் தலைமைப் பேராயராக, அதாவது கேன்டர்பரி பேராயராக, அப்போது இருந்த ஜஸ்டின் வெல்பி, தான் மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பதாக பிபிசி வானொலியில் சொன்னார். நம் பக்கம் அப்படி ஒரு ஐயர் சொல்லி நான் கேட்டதில்லை. சாட்சி சொல்ல அழைக்கும்போதும் முழுசாகக் குணமானவர்களைத்தான் அழைக்கிறோம். இன்னும் மாத்திரை போட்டுக்கொண்டு, அரைகுறையாகத் தூங்கி, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வந்து உட்காருகிறவருக்கு மைக் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால் அவர் சாட்சிதான் பெரிசு.

தற்கொலையில் ஒருவரை இழந்த குடும்பங்களுக்கு இது இன்னும் கடினம். 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் பொது ஜெபப் புத்தகம், தன்னைத்தானே மாய்த்துக்கொண்டவர்களுக்கு அடக்க ஆராதனை கூடாது என்று அந்த ஆராதனையின் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலும் அப்படி ஒரு தடை இருந்தது. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அது இல்லை. 1992இன் கத்தோலிக்க மறைக்கல்வி நூல், கடும் மன பாதிப்பு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும், அவருடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது. எழுத்தில் எப்போதோ போன தடை வாய்ப்பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. “அவன் ஆத்துமா என்ன ஆச்சோ” என்று துக்க வீட்டு வாசலிலேயே பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாய் உள்ளே அதைக் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

இன்னொரு எச்சரிக்கை. மாத்திரையை நிறுத்து, உபவாசம் இரு, பிசாசின் கட்டு அறுந்துவிடும் என்று சொல்கிற ஜெப வீடு எதற்கும் அம்மாவை அனுப்பாதீர்கள், எவ்வளவு நெருங்கிய சொந்தம் கூப்பிட்டாலும் சரி. 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைக் கூட்டிவரும் தர்கா இருக்கும் ஊரில், தனியார் காப்பகம் ஒன்று தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். மதம் எதுவானாலும் அந்தப் பாதை போய்ச் சேருகிற இடம் அதுதான். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த விதத்திலும் அனுமதிக்கவில்லை. அதே தமிழ்நாட்டில், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் கூடவே தங்குவது நீண்ட நாள் வழக்கம். அதையும் கிறிஸ்தவர்கள்தான் நடத்துகிறார்கள், ஜெபமும் மருந்தும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? சபை முழுக்கச் சொல்ல வேண்டாம். அம்மா யாரோடு கலகலப்பாக இருந்தாரோ அந்த ஒருவரிடம் சொல்லுங்கள். அம்மாவிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். “அம்மாவுக்காக ஜெபிங்க” என்று மட்டும் சொன்னால் ஜெபம்தான் கிடைக்கும், அதற்கு மேல் என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியாது. “செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கொஞ்ச நேரம் கூட இருப்பீங்களா”, “டாக்டர்கிட்ட போறப்ப கூட வருவீங்களா”, “ஞாயித்துக்கிழமை வந்து கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா, பாதியில எழுந்தாலும் கூடவே எழுந்து வருவீங்களா” என்று வேலையாகக் கேளுங்கள். நம் ஆட்களுக்கு வேலை சொன்னால் போதும், சாவு வீட்டில் பார்த்திருப்பீர்கள். குழுவில் பெயரைப் போட வேண்டாம் என்று ஐயரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள். நாங்கள் சொன்ன பிறகு எடுத்தார்கள்.

கல்யாண நாள், அப்பாவின் பிறந்த நாள், முதல் கிறிஸ்துமஸ் எல்லாம் வருவதற்கு முன்பே யார் கூட இருப்பது என்று பேசி வையுங்கள். கேரல் வரலாமா என்று அம்மாவிடமே கேட்டு, அவர் சொல்வதைப் பாடகர் குழுவிடம் சொல்லுங்கள்.

தூக்கம், சாப்பாடு இரண்டும் போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். செத்துப்போனால் நல்லது என்பது போல ஒரு வார்த்தை வந்தாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். உடனே யாரிடமாவது பேச வேண்டுமென்றால் அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இலவசம், தமிழில் பேசலாம், ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள்.