பயிர் படிக்கும் மகள் செயற்கைக்கோள் பக்கம் போகலாமா?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் இளநிலை வேளாண்மை இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். அடுத்துத் தொலையுணர்வு படித்து, உலகப் பயிர் விளைச்சலைச் செயற்கைக்கோள் வழியாகக் கணிக்கும் வேலைக்குப் போகப்போவதாகச் சொல்கிறாள். "பயிரைப் படித்துவிட்டுக் கடைசியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவா? அதில் நிலையான வேலை உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம்: அவள் படிக்கும் பயிர்தான் அந்தத் துறையில் அவளுக்குப் பலம். இரண்டாவது கேள்விக்குக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். உங்களைச் சங்கடப்படுத்தும் செய்தியும் அதில் இருக்கிறது.

இப்படி ஒரு வேலை எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். 1972இல் சோவியத் ஒன்றியத்தில் விளைச்சல் மோசமாகப் போனது. அது வெளியே தெரியுமுன் அவர்கள் அமெரிக்கச் சந்தையில் ஏராளமான தானியத்தை வாங்கிவிட்டார்கள். விற்ற நாட்டுக்கே விஷயம் பிறகுதான் புரிந்தது; தானிய விலை உலகெங்கும் எகிறியது. அதே ஆண்டு ஜூலையில்தான் நிலப்பரப்பைப் படமெடுக்கும் அமெரிக்காவின் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் மேலே போனது. வயலுக்குள் கால் வைக்காமலே இன்னொரு நாட்டின் கோதுமையைக் கணிக்க முடியுமா என்று நாசாவும் அமெரிக்க வேளாண் துறையும் வானிலைத் துறையும் சேர்ந்து 1974இல் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கின. 1977இல் சோவியத் கோதுமை குறையப்போகிறது என்பதை, அந்நாடு தன் எண்ணை வெளியிடுமுன்பே அவர்களால் சொல்ல முடிந்தது. இந்தத் துறை அங்கிருந்து வளர்ந்தது.

2010இல் ரஷ்யாவில் கடும் வெப்பமும் வறட்சியும் வந்து, அந்நாடு தானிய ஏற்றுமதியை நிறுத்தியபோது கோதுமை விலை மறுபடி ஏறியது. மறு ஆண்டே ஜி20 நாடுகளின் வேளாண் அமைச்சர்கள் கூடி, உலகப் பயிர்க் கண்காணிப்புக்கென்று ஜியோக்ளாம் என்ற கூட்டு முயற்சியைத் தொடங்கினார்கள். கோதுமை, மக்காச்சோளம், நெல், சோயா ஆகிய நான்கு பயிர்களும் எங்கெங்கே எப்படி நிற்கின்றன என்று பல நாட்டு நிபுணர்கள் கூடிப் பேசி முடிவெடுத்து அறிக்கை வெளியிடுகிறார்கள். எந்த நாட்டில் பற்றாக்குறை வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் உணவுக் கப்பல் நேரத்துக்குப் போய்ச் சேரும். பதுக்கலும் வீண் பீதியும் குறையும். உங்கள் மகள் ஆசைப்படும் வேலை பலருடைய பசியோடு சம்பந்தப்பட்டது. அதை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சரி, அந்த வேலையில் அன்றாடம் என்ன செய்வார்கள்? பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நலமாக இருக்கும் இலை, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்பும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். என்டிவிஐ என்பது அதுதான். விதைத்த நாளிலிருந்து அறுவடை வரை அந்த எண்ணைத் தொடர்ந்து குறித்தால் ஒரு மலை வடிவம் வரும்: ஏறும், உச்சியைத் தொடும், கதிர் முற்றும்போது இறங்கும். கோதுமையில் அந்த உச்சி எவ்வளவு உயரம் என்பதை வைத்தே அறுவடைக்குச் சில வாரங்களுக்கு முன் விளைச்சலை ஓரளவு கணித்துவிடலாம்.

இதைச் செய்ய ஒரு மென்பொருள் போதுமே என்று தோன்றும். சிக்கல் இனிமேல்தான் வருகிறது. உற்பத்தி என்றால் பரப்பு பெருக்கல் மகசூல். இரண்டையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும், இரண்டிலும் பிழை வரும். படத்தில் கோதுமை என்று நிறம் பூசிய பிக்சல்களை எண்ணி அதுவே பரப்பு என்று சொல்லிவிட முடியாது. வரைபடம் பக்கத்துப் பயிரையும் கோதுமை என்று தொடர்ந்து தவறாகக் காட்டினால் அந்தத் தவறு அப்படியே மொத்தத்தில் ஏறிவிடும். அதனால் மாதிரி இடங்களைத் தேர்ந்தெடுத்து, அங்கே நிஜமாக என்ன நிற்கிறது என்று பார்த்து, புள்ளியியல் முறையில் திருத்த வேண்டும். நெல்லில் வேறு தொல்லை. மழைக்காலத்தில் வாரக்கணக்கில் மேகம் மூடியிருக்கும், ஒளிப்படம் உதவாது. அங்கே மேகத்தை ஊடுருவும் ரேடார் வேண்டும். சென்டினல்-1 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் ரேடார் படத்தில் தண்ணீர் கட்டிய வயல் கறுப்பாகத் தெரியும். நாற்று வளர வளர அதே இடம் வெளுத்துக்கொண்டே வரும். அந்த மாற்றத்தைப் பார்த்து எந்த வாரம் நட்டார்கள் என்றே சொல்லலாம். நடவு என்றால் என்ன, தூர் கட்டுவது எப்போது, பூக்கும் நேரத்தில் வெயில் ஏறினால் மணி எப்படிப் பதராகும் என்று தெரிந்தவருக்கு அந்தப் படம் பேசும். மற்றவருக்கு அது சாம்பல் நிறத் திட்டு.

கணினியில் மிகத் திறமையான ஒரு மாணவர் என்னிடம் ஆலோசனைக்கு வந்திருக்கிறார். இயந்திரக் கற்றலில் அவர் செய்த பயிர் வரைபடம் மிக உயர்ந்த துல்லியம் காட்டியது. நேர்முகத்தேர்வில் இரண்டு கேள்விதான் கேட்டார்கள். கணினிக்குக் கற்பிக்க எடுத்த மாதிரி இடங்களும் அதைச் சோதிக்க எடுத்த இடங்களும் ஒரே வயலிலிருந்து வந்தவையா? வந்தவைதான், அதனால் அந்தத் துல்லியத்துக்கு அர்த்தமே இல்லாமல் போனது. அடுத்து, இந்த மாதத்தில் இங்கே பச்சையாகத் தெரிவது குளிர்காலக் கோதுமையா, வேறு பயிரா, எப்படிச் சொல்கிறீர்கள் என்றார்கள். எந்த ஊரில் எந்தப் பயிரை எப்போது விதைத்து எப்போது அறுப்பார்கள் என்று சொல்லும் பயிர் நாட்காட்டி என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. பிறகு ஓர் ஆண்டு வேளாண் அடிப்படையைப் படித்துவிட்டுத்தான் அந்தத் துறைக்குள் நுழைந்தார். உங்கள் மகளுக்கு அந்த ஓர் ஆண்டு ஏற்கெனவே கையில் இருக்கிறது.

அவளிடம் இல்லாதது புள்ளியியல். வேளாண் படிப்பில் வரும் ஒன்றிரண்டு தாள் போதாது. மாதிரியெடுப்பு, ஓர் எண்ணை வைத்து இன்னொன்றைக் கணிக்கும் தொடர்புப்போக்கு, பிழையின் அளவைச் சொல்வது, இவற்றை அவள் ஆழமாகப் படிக்க வேண்டும். கூடவே பைத்தான் அல்லது ஆர் என்ற கணினி நிரல்மொழிகள், இரண்டில் ஒன்று. முதுநிலைக்குக் கல்லூரி தேடும்போது பெயரில் தொலையுணர்வு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, புள்ளியியல் எத்தனை தாள், களப்பணி எத்தனை வாரம் என்று பாருங்கள். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லிக்கொடுத்துச் சான்றிதழ் தரும் குறுகிய கால கோர்ஸுக்குப் பெரிய தொகை கட்டாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பொத்தான்களைக் கற்க வேண்டியதெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது. லேண்ட்சாட் படங்கள் 2008இலிருந்து எல்லோருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல் படங்களும் அப்படியே. கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம். செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சினைக் கற்பதற்குக் காசு இல்லை. நாசாவின் ஆர்செட் பயிற்சி வகுப்புகளுக்கும் கட்டணம் கிடையாது.

இப்போது அந்தச் சங்கடமான செய்தி. 'செயற்கைக்கோள் பயிர்க் கணிப்பாளர்' என்ற பெயரிலேயே விளம்பரம் வரும் வேலைகள் குறைவு. வருபவற்றிலும் பாதுகாப்பு எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பின் 1985இல் தொடங்கிய ஃபியூஸ் நெட் என்ற பஞ்ச முன்னெச்சரிக்கை அமைப்பு உலகமே நம்பியிருந்த ஒன்று. 2025 தொடக்கத்தில் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுத்தப்பட்டதும் அதன் இணையதளமே சில மாதங்கள் காணாமல் போனது. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள அமைப்புக்கே அந்த நிலை. திட்ட நிதியில் நடக்கும் வேலைகளுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு, இதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் அதே திறமைக்கு வேறு வாசல்களும் இருக்கின்றன. அரசுப் புள்ளியியல் துறைகள், விண்வெளி மையங்கள், பயிர்க் காப்பீட்டு நிறுவனங்கள், தானிய வணிகர்கள், நீர்ப்பாசன நிர்வாகம், பல்கலைக்கழக ஆய்வுக் குழுக்கள் எல்லாமே இதே அறிவைத் தேடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 1988இலிருந்தே பயிர்க் கணிப்புக்கென்று தனிக் குழு வைத்திருக்கிறது. சீனாவின் கிராப்வாட்ச் 1998இலிருந்து இயங்குகிறது. ஒரே அமைப்பை, ஒரே பதவிப் பெயரை நம்பிப் படிப்பவருக்குத்தான் இங்கே பயம். பயிரும் புள்ளியியலும் சேர்ந்து கைவந்தவர் ஒரு கதவு மூடினால் அடுத்ததைத் தட்டலாம். நீங்கள் விரும்பும் நிலையான அரசு வேலைத் தேர்வுக்கும் இந்தப் படிப்பு குறுக்கே நிற்காது. அவள் இரண்டுக்கும் தயார் செய்யட்டும்.

இதற்கிடையில் அவளுடைய ஆசை எவ்வளவு உறுதி என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மூன்று மாதம், செலவில்லை. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஒரு மாவட்டத்தை எடுக்கட்டும். அங்கே குளிர்காலக் கோதுமை விரிந்த வயல்களில் நிற்கும், மாவட்ட வாரியாக மகசூல் எண்களும் பொதுவில் கிடைக்கும். கற்றுக்கொள்பவருக்கு அது நல்ல இடம். நாசா செயற்கைக்கோள்களில் உள்ள மோடிஸ் என்ற கருவியின் தரவு, ஒரு பிக்சலுக்கு 250 மீட்டர் அளவில், 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதிலிருந்து ஒவ்வோர் ஆண்டுக்கும் என்டிவிஐ மலை வடிவத்தை வரைந்து, உச்சியின் உயரத்தை அந்த ஆண்டின் மகசூலோடு ஒப்பிடட்டும். அப்புறம் ஏதாவது ஓர் ஆண்டை மறைத்துவிட்டு, மற்ற ஆண்டுகளை வைத்து அதைக் கணிக்கட்டும். இப்படி ஒவ்வோர் ஆண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

சில ஆண்டுகள் அழகாகப் பொருந்தும். அதை வைத்து அவளை எடைபோடாதீர்கள். பொருந்தாத ஆண்டு வரும்போது அவள் என்ன செய்கிறாள் என்று கவனியுங்கள். உதாரணமாக 2007 ஏப்ரலில் கான்சாஸில் கடும் உறைபனி விழுந்து கோதுமையைக் கெடுத்தது. இலை செழித்திருந்தாலும் உள்ளே வளரும் கதிர் கருகிவிட்டால் மணி பிடிக்காது. உச்சியை மட்டும் நம்பியவர் ஏமாறுவார். அந்த மாதிரி ஆண்டை "கணக்கில் ஏதோ கோளாறு" என்று தூக்கிப்போடுகிறாளா, இல்லை அந்த ஊர் வானிலைப் பதிவைத் தோண்டி, எந்த வாரத்தில் பயிர் எந்தப் பருவத்தில் நின்றது என்று தேடுகிறாளா? இரண்டாவதைச் செய்தால், சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வராமல் தேடினால், தைரியமாக அனுப்புங்கள். முதலாவதைச் செய்தாலும் குறையில்லை. வேளாண்மையில் அவளுக்கு வேறு நல்ல வழிகள் இருக்கின்றன, அவற்றைச் சேர்ந்து பார்ப்போம்.

முதுநிலை விண்ணப்பத்துக்கு இன்னும் ஓர் ஆண்டுக்கு மேல் இருக்கிறது, அவசரம் வேண்டாம். மூன்று மாதம் கழித்து அவள் வரைந்தவற்றை, தவறாகப் போன ஆண்டுகளையும் சேர்த்து, எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். கல்லூரிப் பட்டியலை அதைப் பார்த்த பிறகு போடுவோம்.