பதில்: வட கரோலினா கிராமப்புற கவுன்டியில் எந்த மிடில் ஸ்கூல்?

வாடகைக்கு வீடு பார்த்து மகளை மிடில் ஸ்கூலில் ஆறாம் வகுப்பில் சேர்க்க, ஒரே கவுன்டியில் (மாவட்டம் போன்றது) மாநில அரசு பள்ளிகளுக்குத் தரும் எழுத்துக் கிரேடில் 'பி' வாங்கிய பள்ளியா, 'சி' வாங்கிய பள்ளியா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எழுத்தை மட்டும் வைத்து வீடு பார்க்காதீர்கள். வட கரோலினாவில் அந்த கிரேடில் 80% தேர்ச்சிக்கு, 20% மட்டுமே வளர்ச்சிக்கு, அதாவது பிள்ளைகள் எதிர்பார்த்த அளவுக்கு முன்னேறினார்களா என்பதற்கு. நூற்றுக்கு 55 முதல் 69 வரை 'சி', 70 முதல் 84 வரை 'பி'. ஆக 69க்கும் 70க்கும் எழுத்து மாறிவிடும், பள்ளி மாறாது. தேர்ச்சி விழுக்காடு பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைத்தான் காட்டும். பள்ளி என்ன சொல்லிக் கொடுத்தது என்பது வளர்ச்சிக் குறியீட்டில்தான் தெரியும். ஒவ்வொரு பள்ளிக்கும் மாநிலம் வெளியிடும் ரிப்போர்ட் கார்டில் அதை மூன்று வருடத்துக்குச் சேர்த்துப் பாருங்கள். ஒரு வகுப்பில் 60 பிள்ளைகளே இருக்கும் இடத்தில் ஒரு வருட எண் தாறுமாறாக ஆடும். 'சி' பள்ளி தொடர்ந்து எதிர்பார்ப்பை மிஞ்சியிருந்தால் என் ஓட்டு அதற்கே.

அடுத்து, போன் போட்டுக் கேளுங்கள்: எட்டாம் வகுப்பில் மேத் 1 (உயர்நிலைப் பள்ளி அளவிலான முதல் கணிதப் பாடம்) நேரில் நடக்கிறதா, ஆன்லைனிலா? அதற்கு உரிமம் பெற்ற ஆசிரியர் இருக்கிறாரா? சின்னப் பள்ளிகளில் ஒரே ஆள் போய்விட்டால் அந்த வகுப்பே நின்றுவிடும். வருடத்துக்கு 18 நாளுக்கு மேல் வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் பாருங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த முகவரி எந்தப் பள்ளிக்கு உட்பட்டது, பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று மாவட்டப் பள்ளி அலுவலகத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். வேறு பள்ளிக்கு மாற்றல் கிடைத்தாலும் பெரும்பாலும் பஸ் கிடைக்காது. தினமும் நீங்களேதான் கொண்டுபோய் விட வேண்டியிருக்கும்.