இலங்கையின் கிழக்கில் காத்தான்குடி, கல்முனை, மட்டக்களப்பு நகரில் கிளை உள்ள துரித உணவுக் கடையின் வியாபாரம் கூடுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மொத்த விற்பனையை நம்பாதீர்கள். புதுக் கிளை திறந்தாலே அது ஏறும். ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய கிளைகளை மட்டும் எடுத்து, போன வருடத்தின் அதே காலத்தோடு ஒப்பிடுங்கள்.

பிறகு பில் எண்ணிக்கையையும் சராசரி பில் தொகையையும் தனித்தனியே பாருங்கள். உதாரணமாக, போன வருடம் 3,000 பில், சராசரி 1,200 ரூபா: 36 இலட்சம். இந்த வருடம் 2,700 பில், 1,400 ரூபா: 37.8 இலட்சம். விற்பனை 5% கூடியிருக்கிறது, ஆனால் பில் 10% குறைந்துவிட்டது. விலையேற்றம் அதை மூடி மறைக்கிறது. 2022இல் நாட்டின் பணவீக்கம் 70 சதவீதத்தை ஒட்டிப் போனபோது ரூபாக் கணக்கை மட்டும் பார்த்தவர்களுக்கு எல்லாமே வளர்ச்சியாகத்தான் தெரிந்திருக்கும்.

இந்தப் பக்கத்தில் பெரிய பொறி நோன்பு மாதம். வருடத்துக்கு 10, 11 நாள் முன்னால் நகரும். முஸ்லிம்கள் அதிகம் வாழும் காத்தான்குடி, கல்முனையில் பகல் விற்பனை படுத்துவிடும், இரவில்தான் கூட்டம். ஆகவே மார்ச்சை மார்ச்சோடு அல்ல, நோன்பை நோன்போடு ஒப்பிடுங்கள். மட்டக்களப்பு நகரக் கிளையை இதோடு கலக்க வேண்டாம்.

திரும்பி வருபவர்களை எண்ண பில்லில் போன் நம்பர் வாங்குங்கள். நெரிசலில் காசாளர் தன் நம்பரையே அடித்துவிடுவதுண்டு. ஒரே நம்பரில் ஒரு நாளைக்குப் பத்துப் பில் இருந்தால் அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.